பிறக்காத நாள் கவுன்கள்

தூத்துக்குடி
19.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். எழுத்து கோணலாகப் போனால் தூக்கம்தான் காரணம். டெரன்ஸ் அத்தானுக்கு ஹார்பரில் நைட் ஷிப்ட். ஜெனிட்டா இப்போதுதான் அசந்தாள். எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல். தொட்டுத் தொட்டுப் பார்த்து, சுடுவது அவள் நெற்றியா என் கையா என்றே தெரியாமல் போய்விட்டது. டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது? மடத்தில் குளிர் தொடங்கியிருக்குமே.

நேற்று என் பிறந்தநாள். அம்மாவின் நினைவுநாளும் அதுதான் என்பதால் உங்களுக்கு மறந்திருக்காது. முதன்முதலாக நான் உவரிக்குப் போகவில்லை. வருடம் தவறாமல் அப்பா என்னை அந்தோணியார் கோயிலுக்குக் கூட்டிப் போவார், நீங்கள் வீட்டில் இருந்து சமைப்பீர்கள். அப்பா போய் ஆறு மாதம் ஆகவில்லை, அதற்குள் நான் நேர்த்திக்கடனை விட்டுவிட்டேன். காய்ச்சல் பிள்ளையை பஸ்ஸில் எப்படிக் கொண்டுபோவது?

அதனால்தான் ஒரு விருந்தாளியைப் பார்க்க முடிந்தது. மத்தியானம் கேட்டில் ஒரு பொம்பளை நின்றார். அறுபது வயது இருக்கும், உடன்குடியிலிருந்து வருவதாகச் சொன்னார். பேர் பேபியாம். "விஜிலா இருக்காளா?" என்று கேட்டார். அக்கா கன்னியர் மடத்தில், வெளியே வராத மடத்தில் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறதே என்றேன். அவருக்கு அது தெரியவில்லை. படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். உள்ளே வரச் சொன்னேன், வரமாட்டேன் என்றுவிட்டார். உங்களிடம் கொடுக்கச் சொல்லி ஓர் ஓலைப்பெட்டி நிறைய சில்லுக்கருப்பட்டியும், அவரே தைத்த ஒரு சுடிதார் டாப்ஸும் தந்தார். மேகவர்ணத்தில் அழகான துணி. போட்டுப் பார்த்தேன், எனக்குத் தொளதொளவென்று இருக்கிறது. மடத்து அக்காவுக்குச் சுடிதாரை அனுப்பினால் மதர் என்ன சொல்வார் என்று நினைத்து, காய்ச்சல் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

யார் அக்கா அவர்?

அன்புடன்,
ஜாய்

*

மடம்
27.11.2024

அன்புத் தங்கை ஜாய்க்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன் வீட்டில் தங்குவதாக. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் அவளுக்காக ஜெபமாலை சொன்னோம். என் முட்டு குளிருக்கு முனகுகிறது, அவ்வளவுதான்.

வந்தவர் நான் தையல் பழகிய காலத்தில் தெரிந்தவர். துணியை நீயே வைத்துக்கொள், இங்கே எனக்கு எதற்கு? கருப்பட்டியைப் பிள்ளைக்கு இருமல் வந்தால் கொடு. அவர் வேறு ஏதாவது கேட்டாரா? உன்னைப் பார்த்து ஏதும் சொன்னாரா? அதை எழுது.

அடுத்த வருடம் உவரியை விடாதே. அப்பாவின் ஆன்மாவுக்காகவாவது.

ஞாயிற்றுக்கிழமை திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்மஸ் வரை எங்களுக்குக் கடிதம் கிடையாது, உனக்குத் தெரியும். நீ எழுதினால் மதர் எடுத்து வைத்திருந்து திருநாளன்று தருவார்.

கிறிஸ்துவில் உன் அக்கா,
விஜிலா

*

தூத்துக்குடி
15.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இதை நீங்கள் கிறிஸ்மஸ் அன்றுதான் படிப்பீர்கள். அதனால் முன்கூட்டியே திருநாள் வாழ்த்து. ஜெனிட்டாவுக்குக் காய்ச்சல் விட்டது, இப்போது சளி. எனக்கு நிம்மதி விட்டது, மற்றபடி சுகம்.

அந்த அம்மாள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

ஒரு நல்ல செய்தி. இந்த வீட்டில் மறுபடி பிறக்காத நாள் கொண்டாடப்போகிறேன், ஜெனிட்டாவுக்கு. அத்தானிடம் சொன்னபோது, "அப்படிப் பாத்தா வருசத்துல ஒரு நாள் நீங்கலா எல்லா நாளும் பிறக்காத நாள்தானே, நான் சம்பளத்தைக் கேக்குக்கே குடுக்கணுமா?" என்று கேலி செய்தார்கள். விளக்கிச் சொன்னேன். என்னைப் பெற்ற அன்றே மும்பையில் அம்மா செத்துப்போனதால், என் பிறந்தநாளில் இந்த வீட்டில் யாரும் சிரிக்க மாட்டார்கள். அதனால் அக்கா எனக்காக வேறொரு நாளை உண்டாக்கினாள் என்றேன். எந்த நாள் என்று முன்னால் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மேசைமேல் காலண்டர் தாளில் செய்த கிரீடம் இருக்கும். சட்டையைப் புரட்டிப் போட வேண்டும். கூம்பு மாதிரி இருக்கும் மக்ரூன் இனிப்பைத் தலைகீழாக நிற்கவைக்க வேண்டும், விழுந்ததை எல்லாம் சாப்பிடலாம். கூம்புக்குத் தலைகீழாக நிற்கத் தெரியாதே, எல்லாமே எனக்குத்தான். வயது சொல்லக் கூடாது. பரிசு யார் தந்தது என்று கேட்கக் கூடாது. கடல் தந்தது, கேட்டால் கடல் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

அத்தான் கேலியை விட்டுவிட்டார்கள். பிறகு, "உங்க அக்கா பெரிய ஆளுதான்ளா" என்றார்கள்.

உவரிப் பயணம் பற்றி யோசித்தபோது பழைய ஞாபகம் ஒன்று. எனக்குப் பத்து வயது. அப்பா திருச்செந்தூரில் திடீரென்று இறங்கிவிட்டார். பஸ் ஸ்டாண்டில் ரொம்ப நேரம் நின்றார். ஒரு ரூபாய் போனில் உங்களோடு பேசினார். நாம வீட்டுக்கே போயிருவோம்ளா என்று முதலில் சொன்னவர், பேசி முடித்ததும் மறுபடி உவரி பஸ்ஸிலேயே ஏறினார். வழியெல்லாம் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். என்ன மறந்துவிட்டு வந்தார் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

அன்புடன்,
ஜாய்

*

மடம்
28.12.2024

அன்புத் தங்கை ஜாய்க்கு,

பிறந்த பாலன் உன் குடும்பத்தைக் காப்பாராக. குடிலுக்கு இந்த வருடம் நான்தான் வைக்கோல் பரப்பினேன். பிள்ளையின் சளிக்குக் கற்பூரவள்ளி கொடு. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, உன் எழுத்திலேயே உன் இளைப்பு தெரிகிறது.

பிறக்காத நாளை நீ மறுபடி தொடங்குவது எனக்குச் சந்தோஷமா என்று தெரியவில்லை. அது உனக்காகச் செய்தது. உன் பிள்ளைக்குப் பிறந்தநாளையே கொண்டாடலாமே. அவளுக்குத்தான் அம்மா இருக்கிறாளே.

ஜெபத்தில் நினைக்கும்,
விஜிலா

*

தூத்துக்குடி
02.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

திருச்செந்தூர் விஷயத்துக்குப் பதிலே போடவில்லையே? போகட்டும்.

போன வாரம் ஜெனிட்டாவின் பிறக்காத நாள் நடந்தது. கிரீடம் காதுவரை இறங்கிவிட்டது. சட்டையைப் புரட்டிப் போட்டதும் உள்தையல் குத்துகிறது என்று அழுதாள். மெழுகுதிரிக்குப் பக்கத்தில் நான் வாளி நிறையத் தண்ணீர் வைத்திருந்தேன். அத்தான், இது கொண்டாட்டமா தீயணைப்புப் பயிற்சியா என்றார்கள். மக்ரூன் விழ விழப் பிள்ளை சிரித்த சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். இப்போது தினமும் காலையில் எழுந்ததும், இன்னைக்கு எனக்குப் பிறக்காத நாளா என்று கேட்கிறாள்.

உங்கள் உடன்குடிக்காரரின் ஓலைப்பெட்டி காலியாகிவிட்டது. ஒருநாள் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிள்ளைக்கு ஒரு கவுன் தைக்கக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் பேபி தையல்கடை என்றால் தெரியுமாம்.

அன்புடன்,
ஜாய்

*

மடம்
11.02.2025

ஜாய்,

உன் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது, இன்றே எழுதுகிறேன். நலம்தானே?

உடன்குடிக்குப் போகாதே. அங்கே செம்மண் புழுதி, பிள்ளைக்கு நெஞ்சு தாங்காது. ஓலைப்பெட்டியை யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள். தையலுக்குத் தூத்துக்குடியில் கடையா இல்லை? அக்கா சொல்லி நீ எதையும் தட்டியதில்லை.

விஜிலா

*

தூத்துக்குடி
03.03.2025

அக்கா,

நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நாளை மறுநாள் சாம்பல் புதன். ஈஸ்டர்வரை இதை உன் கையில் தரமாட்டார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். மதர் இதைப் படித்தாலும் படிக்கட்டும்.

உடன்குடிக்குப் போனேன்.

சின்னக் கடை. ஒரு மெஷின், சுவரெல்லாம் பிள்ளைகளின் கவுன். பக்கத்துக் கடையில் அவருடைய வீட்டுக்காரர் கருப்பட்டி வியாபாரம் பார்க்கிறார். என்னைக் கண்டதும் கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். ஜெனிட்டாவை ஸ்டூலில் ஏற்றி நிறுத்தி டேப்பைப் பிடித்தார். தோள், மார்பு, உயரம். ஒரு தடவை எடுத்த அளவையே திரும்பத் திரும்ப எடுத்தார். அவருக்குத் தொழில் தெரியாதோ என்றுகூட எனக்குத் தோன்றியது. பிள்ளையின் முதுகில் கையை வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"அந்த மஞ்சக் கவுன், வாத்துப் படம் போட்டது, உனக்குச் சேந்துச்சா? ஆளைப் பாக்காம வெட்டுனது. சின்னதாயிரப்பிடாதுன்னு எப்பவும் கொஞ்சம் பெருசாத்தான் வெட்டுவேன்."

மஞ்சள் கவுன். எனக்கு ஏழு வயதுப் பிறக்காத நாளில் மேசைமேல் இருந்தது. கடல் தந்தது. எனக்கு அது பெரிதாக இருந்தது. நீ இடுப்பில் ஊக்குக் குத்திவிட்டு, வளந்தா சரியாயிரும் என்றாய். ஒன்பதாவது வயது நீலக் கவுனும் பெரிது. பன்னிரண்டாவது வயதுப் பாவாடையும் பெரிது. நான்தான் வளர்த்தி இல்லாத பிள்ளை என்று நினைத்து, கதவுநிலையில் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டு அலைந்தேன், ஞாபகம் இருக்கிறதா? நீதான் ஒவ்வொரு தடவையும் கோடு போட்டுவிட்டாய்.

நீங்க யாரு என்று கேட்டேன். அவர் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார். விஜிலாகிட்ட கேளு என்பதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. ஜெனிட்டா பயந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

திரும்பி வரும்போது எதிரே தூத்துக்குடியிலிருந்து ஒரு பஸ் போனது. அப்போதுதான் உறைத்தது: அவர் வந்தது என் பிறந்தநாளில், நான் எப்போதும் வீட்டில் இல்லாத நாளில். வருடா வருடம் அப்பாவும் நானும் உவரிக்குப் போன பஸ்ஸும், அவர் நம் வீட்டுக்கு வந்த பஸ்ஸும் இந்த ரோட்டில்தான் எதிரெதிராகப் போயிருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர் பஸ்களுக்கெல்லாம் கை காட்டுவேன்.

நான் நினைப்பது உண்மையா? ஆம், இல்லை என்று எழுது. அவர் என்னைப் பார்க்கவேண்டும் என்று என்றைக்காவது கேட்டாரா? அதையும் எழுது.

ஜாய்

*

மடம்
22.04.2025

அன்புத் தங்கை ஜாய்க்கு,

உயிர்த்த ஆண்டவர் உனக்கு ஆறுதல் தருவாராக. உன் கடிதத்தை ஞாயிறு பூசைக்குப் பிறகு கொடுத்தார்கள். பிள்ளையும் உன் வீட்டுக்காரரும் நலம் என்று நம்புகிறேன்.

நீ நினைப்பது சரி. அவர் நம் அம்மா செலின். அங்கே பேபி என்கிறார்கள் போலும்.

அப்பா மும்பைத் துறைமுக டாக்கில் வேலை பார்த்த காலம். தாராவியில் மளிகைக்கடை வைத்திருந்த உடன்குடிக்காரரோடு அம்மா போய்விட்டார். உனக்கு நாலு மாதம், எனக்குப் பதினொரு வயது. அம்மாவின் ஆட்கள் எல்லோரும் மும்பையிலேயே இருந்தவர்கள், இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. நம்மைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்த அப்பா, பிரசவத்திலேயே இறந்துவிட்டதாகச் சொன்னார். நானும் அப்படியே சொன்னேன்.

பிறகு அவர்களும் உடன்குடிக்கே திரும்பி வந்து, அம்மா நம்மைத் தேடி வந்தார். வருடத்தில் ஒரு நாள், உன் பிறந்தநாளன்று மட்டும் வரலாம், பிள்ளை அன்று வீட்டில் இருக்காது என்று அப்பா சட்டம் வைத்தார். கடைசிவரை அவர் இறங்கவில்லை. அவர் கோபம் உனக்குத் தெரியும். நான் என்ன செய்ய முடியும்? அம்மா தந்த பொருளை ஒளித்துவைத்திருந்து உனக்குக் கொடுக்க ஒரு நாள் வேண்டியிருந்தது. அதற்குத்தான் பிறக்காத நாள். ஒன்றையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை, ஜாய். ஒரு மிட்டாய்கூட.

அப்பாவை மன்னித்துவிடு. இறந்தவர்களைக் கேள்வி கேட்பதில் பயனில்லை.

விஜிலா

*

மடம்
16.07.2025

அன்புத் தங்கை ஜாய்க்கு,

பதில் இல்லையே. பிள்ளைக்கு ஏதும் இல்லையே? பனிமய மாதா கொடியேற்றம் நெருங்குகிறது, ஊர் களைகட்டியிருக்கும்.

நான் மடத்துக்கு வந்தபிறகும் ஒவ்வொரு வருடமும் ஒரு நாளைக் குறித்து உனக்கு எழுதுவேன் அல்லவா? இந்த வருடம் இன்றைக்கு உன் பிறக்காத நாள். சட்டையைப் புரட்டிப் போடு. ஒரு மக்ரூனாவது சாப்பிடு.

ஜெபத்தில்,
அக்கா

*

தூத்துக்குடி
26.10.2025

அக்கா,

நாங்கள் சுகம். ஜெனிட்டாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. முதல் வாரம் முழுக்க ஸ்கூல் கேட்டுக்கு எதிரே உள்ள பெட்டிக்கடையில் உட்கார்ந்திருந்தேன், கடை அண்ணாச்சி எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டுவிட்டார். உன் முட்டுக்குத் தைலம் அனுப்பினேனே, வந்ததா?

மக்ரூன் சாப்பிடவில்லை. சட்டையையும் புரட்டவில்லை. உன் ஜூலைக் கடிதத்தைக் கிழிக்கப் போய், கிழிக்காமல் வைத்துவிட்டேன்.

இத்தனை மாதம் எழுத முடியாததற்குக் காரணம் சொல்கிறேன். மே மாதம் மறுபடி உடன்குடிக்குப் போனேன். அக்கா எல்லாவற்றையும் எழுதிவிட்டாள், அப்பாதான் என்னைப் பார்க்க உங்களை விடவில்லையாமே என்றேன். அவர் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "உங்கப்பாவை ஒண்ணும் சொல்லாத" என்றார். அதற்குமேல் சொல்லத் தயங்கினார். நான்தான் திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டைச் சொன்னேன். அப்பா இறங்கி நின்றதை, போன் பேசியதை, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டதை.

அவர் அழுதார். பிறகு எல்லாம் வந்தது.

அந்த வருடம் அவர் நம் ஹாலில் உட்கார்ந்து நீ போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தாராம். போன் அடித்ததாம். அப்பாவின் குரல் ரிசீவரைத் தாண்டி அவருக்கும் கேட்டதாம்: பிள்ளையைக் கூட்டிட்டு வாரேன், அவளை இருக்கச் சொல்லு, பாத்துட்டுப் போட்டும். அதற்கு நீ, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாயாம்:

"அவ போயிட்டாப்பா. அப்பவே போயிட்டா."

டீ டம்ளர் அவர் கையில்தான் இருந்ததாம், அக்கா.

அன்றைக்கே நீ அவரைப் பனிமய மாதா கோயிலுக்குக் கூட்டிப் போனாய். நீயாகச் சொல்லும்வரை என்னிடம் தாய் என்று சொல்வதில்லை, நான் இருக்கும்போது வீட்டுக்குள் கால் வைப்பதில்லை என்று பீடத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கினாய். உனக்கு அப்போது இருபத்தொரு வயது. என் வயது இப்போது உன் அப்போதைய வயதைவிடக் கூட. எனக்கு ஒரு பிள்ளை இருக்கிறாள். யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், அப்படிச் செய்ய எனக்குக் கை வருமா என்று.

எட்டு வருடம் கழித்து அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மடத்துக்குப் போய்விட்டாய். அதற்குப் பிறகு வருடா வருடம் அவர் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு, பெட்டியோடு திரும்பிப் போயிருக்கிறார். தைத்த துணியெல்லாம் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார். எல்லாமே எனக்குக் கொஞ்சம் பெரிது.

அப்பா இறங்கவில்லை என்று எழுதினாயே. இறங்கினார், அக்கா. திருச்செந்தூரில் இறங்கினார். செத்த மனிதர் திரும்பி வந்து பேசமாட்டார் என்றுதானே அவர் மேல் போட்டாய்? இது முன்பே தெரிந்திருந்தால் அப்பாவின் கடைசி நாள்களில் நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசியிருப்பேன். என் பிறந்தநாளை வெறுத்த மனுஷன் என்று இத்தனை வருடமும் மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

நீ ஒரு மிட்டாய்கூட எடுத்துக்கொள்ளவில்லை என்பது உண்மைதான். எல்லாவற்றையும் என்னிடம் கொண்டுசேர்த்தாய். கொடுத்தவர் பேரை மட்டும் வைத்துக்கொண்டாய்.

அம்மா உன்னைக் குறை சொல்லவே மாட்டேன் என்கிறார். பதினொரு வயசுல தூக்குன பிள்ளையை அவ எப்படி எறக்கி வைப்பா என்கிறார். அவர் மன்னித்துவிட்டார். எனக்கு வரவில்லை. அந்தக் காகிதக் கிரீடங்கள், விழுந்த மக்ரூன்கள், நீ என்னைத் தூக்கிச் சுற்றியது, எதைத் தொட்டாலும் அடியில் இது கிடக்கிறது. அந்த நாள்களை வேண்டாம் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு வேறு நாள்கள் இல்லையே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நவம்பர் பதினெட்டு வருகிறது. இந்த வருடம் பிறக்காத நாள் கிடையாது, பிறந்தநாள்தான். உவரிக்குப் போகவில்லை. கேட்டைத் திறந்து வைத்திருப்பேன். அத்தான் கேக் சொல்லிவிட்டார்கள், வயது எழுதியே சொல்லியிருக்கிறார்கள். அம்மாவைக் கூப்பிட்டேன். கேட்வரை வருவாராம், உள்ளே வரமாட்டாராம். மாதா முன்னால் செய்த சத்தியம், விஜிலா சொன்னா வாரேன் என்கிறார். பிள்ளை அவரை இன்னும் தையல்கார ஆச்சி என்றுதான் கூப்பிடுகிறாள். ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தை நான் பார்க்கவேண்டியிருக்கிறது.

யார் தந்தது என்று நான் கேட்டுவிட்டேன். கடல் எதையும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. நீ பயந்தது நடக்காது.

மன்னிப்புக் கேட்டு எழுதாதே. ஜெபம் சொல்கிறேன் என்றும் எழுதாதே. அம்மா வீட்டுக்குள் வரலாம் என்று உன் கையெழுத்தில் ஒரு வரி எழுதி அனுப்பு. அதை அவர் கையில் கொடுக்கவேண்டும்.

பதினெட்டாம் தேதிக்கு முன்னால் கிடைக்கிற மாதிரி சீக்கிரம் பதில் போடு.

ஜாய்